மூன்றாம் வகுப்பு, கோத்தகிரி

நவம்பர் 5, 2025
காலையிலிருந்து மழை. பிள்ளைகளை வெளியே விட முடியவில்லை, வகுப்பே சந்தைக்கடை. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, பெஞ்சு பெஞ்சாகத் தாவிக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவனுக்கு ஏடிஎச்டியாக்கா?" என்றார். கவனம் நிற்காமல் போவது, அடங்காத துள்ளல், அல்லது இரண்டும் சேர்ந்து வரும் குறைபாடு அது. இப்போது யார் வாயைத் திறந்தாலும் இந்தப் பெயர்தான். அப்படிச் சொல்ல, இந்த அறிகுறிகள் வயதுக்கு மீறிய அளவில் குறைந்தது 6 மாதம் தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும், அதனால் படிப்போ பழக்கமோ கெட வேண்டும். இவன் கணக்கை முடித்துவிட்டுத்தான் தாவுகிறான். மழை விட்டால் சரியாகிவிடும்.

நவம்பர் 7
என் கண் ஜன்னலோரச் சிறுமி மேல்தான். சத்தமே இல்லாத பிள்ளை. சொல்வதை எழுதச் சொன்னால் பாதி வரியில் நிற்கிறாள். கூட்டலில் தொடங்கி நடுவில் கழிக்கிறாள். ரப்பர், பென்சில், குடை எதுவும் சாயங்காலம் வரை அவளிடம் தங்குவதில்லை. படம் வரைய உட்கார்ந்தால் மட்டும் மணி அடித்ததுகூடத் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு "வேணும்னே பண்றா" என்பவர்கள் உண்டு. பிடித்ததில் மூழ்கிப் போவதும் இந்தக் குறைபாட்டில் சகஜம். துள்ளல் துளியும் இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே உள்ள வகையும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் பலர் இதனால்தான் யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்.

நவம்பர் 11
கொழுந்து எடை போட்டுவிட்டு அவள் அம்மா வந்தார். "பல்லு விளக்கப் போனா பிரஷ்ஷக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்பா டீச்சர். பால்வாடியில இருந்தே இப்படித்தான். நான் சரியா வளக்கலையோ?" வளர்ப்பால் வருவதில்லை, பெரும்பாலும் பரம்பரை என்றேன். "அப்போ அவ அப்பாதான். வண்டிச் சாவியத் தேடாத நாளே இல்ல" என்று சிரித்தார். இரவில் குறட்டை விடுகிறாளா, கூப்பிட்டால் காதில் விழுகிறதா என்றும் கேட்டுவைத்தேன். தூக்கம் கெட்டாலும், காது மந்தமானாலும் பிள்ளை இப்படித்தான் தெரியும்.

நவம்பர் 18
ஊட்டிக்குப் போய்க் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. முதலில் காதும் கண்ணும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் எதை எவ்வளவு அடிக்கடி செய்கிறாள் என்று குறிக்க எனக்கு ஒரு கேள்வித்தாள், அம்மாவுக்கு ஒன்று. 'அடிக்கடி'க்கும் 'மிக அடிக்கடி'க்கும் நடுவில் பேனா நின்றுவிட்டது. அவசரப்படாமல் இந்த வாரம் முழுக்கக் கவனித்து நிரப்பப்போகிறேன். அம்மாவின் தாளை நான் வாசிக்க அவர் பதில் சொல்வதாக ஏற்பாடு, திங்கட்கிழமை வேலை முடிந்ததும்.