இடது கழுத்தில் 18 மி.மீ.

அக்டோபர் 4
இன்றும் இருக்கிறது.

அக்டோபர் 5
குளிக்கும்போது விரல் தானாக அங்கேதான் போகிறது. இடது காதுக்குக் கீழே, சற்றுப் பின்புறமாக, வேகவைத்த மொச்சை அளவில் ஒன்று, அழுத்தினாலும் வலியில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வந்த சளிக்காய்ச்சலோடு சேர்ந்து வந்ததென்று நினைத்திருந்தேன். காய்ச்சல் போய் மூன்று வாரமாகியும் இது போகவில்லை. அத்தை தடவிப் பார்த்து, “நெறி கட்டியிருக்கிறது, தலையில் புண் இருக்கிறதா பார்” என்று சொல்லி, சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பூசிவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு: காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கிலும், பல் கெட்டால் தாடைக்குக் கீழேயும் நெறி கட்டுவது, அந்தந்தப் பகுதியின் நிணநீர் வடிந்து சேரும் கணுக்கள் அங்கே இருப்பதால்தான். என் தலையிலோ புண்ணில்லை, பல்லும் கெடவில்லை. சுண்ணாம்பு காய்ந்து தோல் இழுத்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 8
வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து, தடிமன் அளக்கும் வெர்னியரைக் கொண்டுவந்துவிட்டார். துணியால் இரண்டு முறை துடைத்தும் எண்ணெய் வாடை போகவில்லை. அதன் இரு தாடைகளும் சில்லென்று கழுத்தில் படிந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். “18 மி.மீ.” என்று வாசித்தார், இரும்புத்தண்டை அளந்து சொல்கிற அதே குரலில். தோலின் தடிப்பும் அதில் சேர்ந்திருக்குமே என்று கேட்டேன். பதில் இல்லை.

அக்டோபர் 11
18.

அக்டோபர் 13
மருந்துக்கடையில், வீக்கம் வற்றும் என்று சொல்லி, ஐந்து சிறிய வெள்ளை மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். பெயர் அச்சிட்ட பகுதி அவர்களிடமே தங்கிவிட்டது. பெயர் தெரியாத ஒன்றை விழுங்க மனம் வராமல் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 16
ஸ்டான்லி அரசு மருத்துவமனை. தண்டையார்பேட்டையிலிருந்து விடிவதற்குள் கிளம்பியும் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். மருத்துவர் என் மகள் வயதுப் பெண். அவர் கட்டியை மட்டும் பார்க்கவில்லை; கழுத்தின் இரு பக்கமும், காறையெலும்புக்கு மேலுள்ள குழியும், அக்குளும், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரலும் என்று ஒவ்வோர் இடமாக விரலால் தேடினார். இரவில் உடை மாற்றும் அளவுக்கு வியர்க்கிறதா, ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்ததா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டார். “வலியே இல்லை, டாக்டர்” என்று நான் நிம்மதியோடு சொன்னதற்கு, “அதை வைத்து நல்லது என்று சொல்ல முடியாதம்மா” என்றார். கிருமி தாக்கிக் கணு வேகமாக வீங்கும்போது அதன் உறை இழுபடுவதால் வலிக்குமாம். மெதுவாக வளர்வது பெரும்பாலும் வலிப்பதில்லையாம். காறையெலும்புக்கு மேல் இருந்திருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும், மார்பிலோ வயிற்றிலோ உள்ள புற்றுநோய் அங்கே வந்து தலைகாட்டுவதுண்டு என்றும் சொன்னார். என்னுடையது அங்கே இல்லை. ஆனால் ஒரு செ.மீ.யைத் தாண்டி, நான்கு வாரத்தையும் தாண்டிவிட்டது. தொட்டால் ரப்பர் போலிருக்கிறது. இரத்தம், மார்பு எக்ஸ்ரே, ஊசிப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதினார். வெள்ளை மாத்திரைகளைக் காட்டினேன். ஸ்டீராய்டாக இருக்கலாம், சாப்பிடாதது நல்லதாயிற்று, நிணநீர்ப் புற்றாக இருந்தால் அது கணுவைச் சில நாள் சுருக்கிக் காட்டிச் சோதனையையே குழப்பிவிடும் என்றார்.

அக்டோபர் 18
கண்டமாலை. எப்போதோ மெய்ப்புப் பார்த்த சித்த மருத்துவ நூலில் இந்தச் சொல்லை நான் திருத்தாமல் கடந்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி மாலை கோத்ததுபோல் கணுக்கள் வரிசையாக வீங்குவதால் அந்தப் பெயர். கணுவில் வரும் காசநோய்க்கு இவ்வளவு அழகான பெயர் வைத்தவர் யாரோ. நுரையீரலில் இல்லாமல் கணுவில் மட்டும் இருந்தால் பிறருக்குத் தொற்றாது, ஆறு மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமாகலாம் என்று காட்டிய ஆய்வே, 1956இல் இதே சென்னையில்தான் தொடங்கியது. காசநோயாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அத்தையிடம் இதைச் சொல்ல முடியாது.

அக்டோபர் 20
தீபாவளி. காலை பத்து மணி வரை கழுத்தைத் தொடவில்லை.

அக்டோபர் 25
ஊசிப் பரிசோதனையில் உறுதியாக எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்கு இல்லை என்று பொருளல்ல என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். ஊசியில் வருவது தனித்தனி உயிரணுக்கள். அவை கணுவுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கக் கணு முழுதாக வேண்டும். எனக்குப் புரிந்தது. கலைந்து கிடக்கும் ஈய எழுத்துகளைக் கையில் கொடுத்து, பக்கத்தில் பிழை உண்டா என்று கேட்டால் நானும் என்ன சொல்வேன்?

அக்டோபர் 27
21. வெர்னியரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 30
எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள் என்பதால், பச்சைத் துணிக்கு அடியில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். கணுவை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை உப்புநீரிலும் போடச் சொன்னார் மருத்துவர். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடுமாம், பிறகு அதிலிருந்து எதையும் வளர்த்துப் பார்க்க முடியாதாம். இரண்டு குப்பிகளிலும் என் பெயரை எழுதி ஒட்டினார்கள். ஒன்றில் எழுத்துப் பிழை இருந்தது. மரத்த கழுத்தோடு எழுந்து உட்கார்ந்து, திருத்திக் கொடுத்த பிறகுதான் குப்பிகளை எடுத்துப்போக விட்டேன்.

நவம்பர் 3
அறிக்கை வரவில்லை. கிருமி வளர்ப்புக்குச் சில வாரங்கள் ஆகுமாம். தையல் பிரிக்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.