54 அல்ல, 67: டைகர் உட்ஸ் சிறுவனாக ஆடிய கணக்கு

டைகர் உட்ஸின் குழந்தைப் பருவம் என்றாலே, 1978-இல் இரண்டு வயதில் மைக் டக்ளஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பந்தடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குழந்தைகளுக்கு கோல்ஃப் கற்றுத்தரும் எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இருக்கும் ஹார்ட்வெல் மைதானத்தில் பயிற்சியாளர் ரூடி டுரான் அவருக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு.

ஹார்ட்வெல்லில் 18 குழிகளுமே பார் 3, அதாவது நன்றாக ஆடுபவர் மூன்று அடிகளில் பந்தைக் குழியில் போட வேண்டும் என்ற கணக்கு. மொத்தம் 54. பெரியவர்கள் ஒரே அடியில் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) போய்விடும் தூரம் நான்கு வயதுப் பிள்ளைக்கு எட்டாது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அடிகளைக் குறிக்கும் அட்டையில் தோல்விதான் தெரியும். ஆகவே டுரான் அவருக்கென்று தனியாக 67 என்று பார் வைத்தார். அதற்குக் கீழே ஆட முடியும் என்பதைப் பையன் அந்த வயதிலேயே பழகிக்கொண்டான்.

நாங்களும் இப்படித்தான் தொடங்குகிறோம். குழந்தையைப் பத்துப் பந்து அடிக்கவிட்டு, ஆக நீளமான இரண்டையும் தப்பாகப் பட்டவற்றையும் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குச் சராசரி பார்க்க வேண்டும். 60 கெஜம் வருகிறது என்று வையுங்கள். 55 கெஜக் குழிக்கு கிரீனை எட்ட ஒரு அடி, பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) இரண்டு: பார் 3. 110 கெஜத்துக்கு 4. 150 கெஜத்துக்கு 5. பெற்றோர் பலர் ஆக நீளமான அடியை வைத்தே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பாதி ஆட்டத்திலேயே பிள்ளைக்கு வெறுத்துப்போகிறது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் பாருக்குக் கீழே வந்தால், மறுபடி அளந்து பாரைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்காது.

பெரியவர் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வெட்டிக் குட்டையாக்கித் தருவது வேண்டாம். தண்டு விறைத்துவிடும், தலையின் எடை அப்படியே இருக்கும், பந்து எழும்பாது. சிறுவர்களுக்கென்றே செய்த கிளப்புகளில் பட்டர், வெட்ஜ், 7-ஆம் எண் அயர்ன், ஒரு வுட் போதும்.

கற்றுத்தரும் வரிசையும் முக்கியம். டைகரின் தந்தை ஏர்ல் குழியிலிருந்து பின்னோக்கிக் கற்றுத்தந்தார்: முதலில் பட்டிங், பிறகு சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சின்ன அடி), கடைசியில்தான் குழியின் தொடக்க இடமான டீயிலிருந்து முழு வீச்சு. சின்ன வீச்சில் பந்து கிளப்பின் நடுவில் படுவது கைக்குப் பழகிவிட்டால், பெரிய வீச்சில் அது கெடாது. பட்டிங்கைக் குழியிலிருந்து மூன்றடித் தூரத்தில் தொடங்குங்கள். பத்துக்கு எட்டு உள்ளே போன பிறகு ஆறடிக்குப் போகலாம்.

மற்றதெல்லாம் ஊரறிந்த கதை. எட்டு வயதில் ஓர் ஆட்டத்தில் 80 அடிகளுக்குக் கீழே, பன்னிரண்டில் 70-க்குக் கீழே. சான் டியேகோவின் ஜூனியர் உலகப் போட்டியில் ஆறு பட்டங்கள். 1991-இல் 15 வயதில் அமெரிக்க ஜூனியர் அமெச்சூர் பட்டம். 1992, 1993-இலும் அதுவே. அவருக்கு முன்னால் அதை இருமுறை வென்றவரே கிடையாது.

அந்தப் போட்டியின் முதல் கட்டம்தான் மொத்த அடிகளின் கணக்கு. அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் பிளே. ஒவ்வொரு குழியும் தனித்தனிக் கணக்கு, போன குழியில் எட்டு அடி போனாலும் இழப்பு ஒரே ஒரு குழிதான். 1994 அமெரிக்க அமெச்சூர் இறுதியில் 36 குழிகளில் 13 முடிந்தபோது டைகர் ஆறு குழி பின்தங்கியிருந்தார். கடைசியில் இரண்டு குழி முன்னிலையில் வென்றார். குழிக்குக் குழி பார் போட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த ஆட்டம் புதிதாக இருக்காது என்பது எங்கள் கருத்து. அதனால்தான் பத்து வயது வரை, ஆட்டம் முடியும் முன் அட்டையில் மொத்தத்தைக் கூட்ட விடுவதில்லை.