ரத்தக் கிஸ்தி: நாவல் எழுதும் நாட்குறிப்பு

ஜூன் 9

ரத்தக்காட்டேரிகள் மனிதர்களை ஆளும் நாவல். களம் சேலம். ஆள்பவர்கள் மேலே ஏற்காட்டில், மற்றவர்கள் எல்லாரும் கீழே. இப்போதைக்குக் கையில் இருப்பது இவ்வளவுதான்.

முதல் வரி எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு கணக்கு முடிந்தாக வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவளின் வியாதி இது. ராத்திரிக்கு ஒரு ஆளைக் கழுத்தில் கடித்துக் காலி செய்தால் ஒரு காட்டேரிக்கு வருஷத்துக்கு 365 பேர். நூறு காட்டேரிகள் இருந்தால் பத்தே வருஷத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்விடுவார்கள். அப்புறம் யாரை ஆள்வது?

தம்பி ஒரு ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். சாப்பிடும்போது கேட்டேன்.

“சாகாம ஒரு ஆள்கிட்ட எவ்வளவு ரத்தம் எடுக்கலாம்டா?”

“ஏக்கா, சோத்துல கை வெச்சிருக்கும்போதா கேப்ப?” என்றான். அப்புறம் அவனுக்கே ருசி பிடித்துவிட்டது. பெரிய ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் இருக்கும். ஒரு தடவைக்கு 350 மில்லி எடுப்பார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. ஆண்கள் மூன்று மாசத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாசத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம்.

350 மில்லி என்பது நம் பழைய அளவில் ஏறக்குறைய ஒரு உழக்கு. ஒரு காட்டேரிக்கு ராத்திரிக்கு ஒரு உழக்கு என்று வைத்துக்கொண்டேன். ஆணும் பெண்ணும் சரிபாதி என்றால், ஒருவருக்குத் தினம் தவறாமல் உழக்கு கிடைக்க நூறு பேருக்கு மேல் வேண்டும். குழந்தைகள், கிழவர்கள், நோயாளிகள், எடை இல்லாதவர்களைக் கழித்தால் இருநூறு பேர் வைத்தால்தான் தாங்கும். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 34.8 லட்சம். அத்தனை பேரையும் கறந்தாலும் 17 ஆயிரம் காட்டேரிகளுக்கு மேல் பிழைக்க முடியாது.

எனவே இந்த ராஜ்ஜியத்தின் முதல் சட்டம் ஆள்பவர்களுக்குத்தான்: புதிதாக எவரையும் கடித்துத் தங்கள் இனத்தில் சேர்க்கக் கூடாது.

ஜூன் 10

நான் தம்பியிடம் பேசியது அம்மா காதில் விழுந்திருக்கிறது. “காட்டேரிய கெட்டவளா எழுதாத. நம்ம பங்காளிங்க கும்புடுற சாமி” என்றாள். நியாயம்தான். இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குக் காட்டேரி அம்மன் குலதெய்வம். அவளுக்குப் படையல் போட்டுவிட்டு இவர்களுக்கும் அதே பெயரை வைக்க முடியாது. கதைக்குள் ஜனங்கள் இவர்களைத் ‘துரைமார்’ என்று சொல்லட்டும். மலையில் எஸ்டேட் வைத்திருந்தவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஜூன் 13

காலம் முடிவாகிவிட்டது. அதுவும் தம்பி புண்ணியத்தில்.

உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் சில நிமிஷத்தில் உறைந்து போகும். ரத்த வங்கியில் பைக்குள் இருக்கும் மருந்தும், 2 முதல் 6 டிகிரி வரையான குளிரும் சேர்ந்துதான் அதை 35 நாள் காப்பாற்றுகின்றன. உறையாமல் இருக்க சோடியம் சிட்ரேட் சேர்த்து ரத்தம் ஏற்றியது 1914இல்தான். அதற்கு முந்தைய காலத்தில் கதையை வைத்தால் துரைமாரால் ரத்தத்தைக் குடத்தில் பிடித்து மலைக்குக் கொண்டுபோக முடியாது. கொடுப்பவர்கள்தான் நடந்து ஏற வேண்டும்.

இதை எழுதியதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. முறை வந்த ஊர்க்காரர்கள் பொழுது சாய்ந்ததும் அடிவாரத்தில் கூடுகிறார்கள். கட்டுச்சோறு, வெல்லம், தீப்பந்தம். ஏறும்போது பேச்சும் சண்டையும் பாட்டுமாக இருக்கிறது. இறங்கும்போது யாருக்கும் பேச முடியவில்லை. ஏரித் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி இதற்கும் முறை. யார் முறையை யார் மாற்றிக்கொண்டார்கள் என்பதில் வருஷக்கணக்கான பகை.

இப்போது காரில் போகிறவர்கள் எண்ணிக்கொண்டு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகள் என் கதையில் கிடையாது. வெறும் மலைப்பாதை.

ஜூன் 18

வெயில். வெயில் பட்டால் துரைமார் சாக வேண்டுமா? பழைய டிராகுலா நாவலில் (1897) அவன் பகலிலேயே லண்டனில் நடமாடுகிறான்; சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டுச் சாகும் வழக்கத்தைக் கொண்டுவந்தது 1922இல் வெளியான ஒரு ஜெர்மன் ஊமைப்படம். ஆக, இது யாரும் மீறக் கூடாத வேதம் இல்லை. என் துரைமார் வெயிலில் வெந்து கொப்பளிப்பார்கள். உடனே சாக மாட்டார்கள். சாவதைவிட அவமானப்படுவதற்கு அதிகம் பயப்படுகிறவர்கள் அவர்கள்.

ஒரு சிக்கல். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுமாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். வெயிலுக்குப் பயந்தவன் மலைக்கு ஏன் போகிறான்? மூடுபனிக்காக. ஆனால் பனி விலகும் மாதங்களில் மலை அவனுக்குச் சமவெளியைவிட மோசம். மாசி பங்குனியில் துரைமார் ஜன்னலில் கம்பளி அடித்துக்கொண்டு உள்ளேயே கிடப்பார்கள். கலகம் என்று ஒன்று நடந்தால் அந்த மாதங்களில்தான்.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. ஏற்காடு போனேன். லேடீஸ் சீட் காட்சிமுனையில் கூட்டம் தாங்கவில்லை, மிளகாய் பஜ்ஜி மட்டும் நன்றாக இருந்தது. கீழே சேலம் விரிந்து கிடக்கிறது. அடிவாரப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டிய இடங்கள் வெளுத்துத் தெரிகின்றன. மேக்னசைட், உலைக்குள் அடுக்கும் செங்கல்லுக்குப் போகிற கல். நடுப்பகலில் அந்த மண்ணில் நின்றால் கண் கூசும். துரைமாருக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் அடிக்கும் இடம் அது. பகலில் அங்கே வரவே முடியாது. ராத்திரியிலும், நிலா இருந்தால், வெள்ளைத் தரையில் எதுவும் மறைய முடியாது. தப்பி ஓடுகிறவர்கள் பதுங்க இருட்டைத் தேடாமல் இந்த வெள்ளைக் குழிகளைத் தேடிப் போவார்கள்.

அங்கிருந்து சேர்வராயன் கோயில். சேர்வராயனும் காவேரி அம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள், குனிந்துதான் போக வேண்டும். துரைமாரின் அரண்மனைக்கு ஒரு குகை எவ்வளவு வசதி! ஆனால் இந்தக் குகையைத் தொட மாட்டேன். இது மலைவாழ் மக்களின் சாமி. இன்னொன்றும் தெளிவாகத் தோன்றியது. மலை மேல் இருப்பவர்கள் எல்லாரும் துரைமார் என்று எழுதினால் அது அபாண்டம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவருவதற்கு ரொம்ப முன்பிருந்தே இங்கே ‘மலையாளி’ பழங்குடிகள் இருக்கிறார்கள். என் கதையிலும் துரைமாருக்கு முதலில் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தான். பனி எப்போது விலகும் என்று துரைமாரைவிட நன்றாகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

ஜூன் 27

எழுதவில்லை. கணக்கு முடிக்கும் நேரம், ஆபீசில் மூச்சு விட முடியவில்லை.

ஜூலை 1

பசலிப் புத்தாண்டு! யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. வருவாய்த் துறையின் வருஷம் ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. துரைமாரின் காலண்டரும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இந்த யோசனை, வருஷா வருஷம் ஊர்க் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் பிறந்தது. பட்டா பெயர் மாற்றத்துக்காகப் பெரியப்பாவுடன் தாலுகா அலுவலகம் போயிருந்தேன். பந்தலில் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்; பதிவேடுகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். மனு கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்ற நிற்பைப் பார்த்தபோது, மேஜைக்குப் பின்னால் ஒரு துரையை உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சேலத்தில் இதற்குச் சரித்திரமே இருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார், உதவிக்குத் தாமஸ் மன்றோ. இடைத்தரகனை விட்டுவிட்டு, வயல் வயலாக அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி பேசும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவானது. அதையே ரத்தத்துக்குப் பொருத்துகிறேன். நிலத்துக்குப் பதில் உடம்பு. நன்செய் புன்செய் மாதிரி தேகத்தைத் தரம் பிரிப்பார்கள்: முதல் தரம், இரண்டாம் தரம், தரிசு. வருஷத்துக்கு இத்தனை உழக்கு என்று தலைக்குத் தலை கிஸ்தி. காய்ச்சல் கண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வஜா, அதாவது தள்ளுபடி, உண்டு, ஆனால் மனுப் போட வேண்டும். மனுப் போட எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்.

பல்லைக் காட்டும் காட்சி நாவல் முழுக்க ஒன்றோ இரண்டோ போதும். பேரேட்டைப் புரட்டும் காட்சிதான் நிறைய வரும். வாசகருக்குப் போரடிக்குமா என்ற கவலை இருக்கிறது. அடித்தால் அடிக்கட்டும்.

ஜூலை 5

வெள்ளி பட்டால் காட்டேரி சாகும் என்று படங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அதைச் சேலத்தில் வைத்தால் கதை முதல் அத்தியாயத்தோடு முடிந்தது. செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகளே போதும், ஒரு வாரத்தில் மலையைப் பிடித்துவிடலாம். அதனால் என் உலகத்தில் வெள்ளிக்கு அந்தச் சக்தி கிடையாது.

ஆனாலும் கொலுசை விட மனசு வரவில்லை. பெரியப்பா முப்பது வருஷம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். வியாபாரி எடை போட்டு வெள்ளியைக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பும்போது எடை போட்டு வாங்குவார், சேதாரம் போகக் கூலி. “தரையைக் கூட்டுன குப்பையக்கூட விட மாட்டோம் கண்ணு. அதுலயும் வெள்ளி இருக்கும், அதையும் வாங்க ஆள் வரும்” என்றார். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் கிடைத்தது: கிஸ்தி கட்டும் ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, காலில் துரைமார் முத்திரை போட்ட கொலுசு அணிய வேண்டும். மலைப்பாதையில் இருட்டில் எண்ணுவதற்கு. செய்து கொடுப்பது நம் ஊர்ப் பட்டறைதான், கூலிக்கு.

“சலங்கைக்குள்ள இருக்குற பரலை எடுத்துட்டா சத்தம் வராதில்ல பெரியப்பா?”

“வராது. ஆனா கையில வாங்குறவன் ஆட்டிப் பாப்பான்ல?”

அந்தச் சந்தேகத்தை அப்படியே ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டுவிட்டேன். பரல் என்றதும் எல்லாருக்கும் கண்ணகி ஞாபகம் வரும். வரட்டும், நான் அவளைக் கூப்பிடப் போவதில்லை.

ஜூலை 12

துரைமாருக்குள் ஒரு சமூகம் வேண்டும். வவ்வாலைப் பற்றிப் படித்தேன். ரத்தம் குடிக்கும் வவ்வால் மூன்றே வகை, மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில். நம் ஊர் வவ்வால்கள் பாவம், வீண் பழி சுமக்கின்றன. அந்த வவ்வால் இரண்டு மூன்று ராத்திரி இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதனால் வயிறு நிறைந்தது, பட்டினி கிடப்பதற்குக் கொஞ்சம் கக்கிக் கொடுக்கிறது. ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் இதை எழுதியிருக்கிறார். என் துரைமாரும் இப்படித்தான் கடன் கொடுத்து வாங்குவார்கள். பெரிய வீட்டுத் துரை ஒருவர், விருந்தில் எல்லாரும் பார்க்க, நேற்று வந்த சின்னத் துரை வாயிலிருந்து வாங்கிக் குடிக்க வேண்டிய நிலைமை. அருவருப்பாக இருக்கிறது. வேண்டும்.

ஜூலை 19

இன்று எழுதியது கஷ்டமான பகுதி. துரைமாரின் சபையில், ரத்தம் கொடுப்பவனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் கொடுத்தால் போதும் என்று விவாதம்.

கற்பனை செய்ய எதுவுமே இல்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லா மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. 1877 ஜனவரியில் வெள்ளை அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைக் காப்பாற்றப் போதாது என்று சண்டை போட்டார். என் சபையிலும் ஒரு கார்னிஷ் இருக்கிறார். நல்ல துரை. “இவ்வளவு குறைத்தால் ரத்தம் தண்ணீராகப் போகும்” என்று வாதாடுகிறார். அவரும் வாதாடி முடித்துவிட்டுத் தன் உழக்கைக் குடிக்கத்தான் போகிறார்.

ஜூலை 30

ஆடி. சேலத்தில் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கைக்கு ஆயத்தம் நடக்கிறது. சாமி வேஷம், புராண வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் ஊர்வலம் வருவார்கள். சின்ன வயதில் பெரியப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது.

நாவலில்: ஒரு வருஷம் துணிச்சலான பையன்கள் சிலர் துரை வேஷம் கட்டுகிறார்கள். மாவு பூசிய முகம், தந்தப் பல், கையில் உழக்கு. கூட்டம் சிரித்து மாய்கிறது. பின்னால் இன்னொரு வண்டி. அதில் ஒரே ஒரு துரை, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் வேஷம்தான் அச்சு அசல் என்று கைதட்டி அவருக்கே முதல் பரிசு கொடுக்கிறார்கள். அவரும் எழுந்து வாங்கிக்கொள்கிறார். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். “இந்த ஒரு சீனுக்கே புக்கு வாங்கலாங்க்கா” என்றான். எழுதி முடிக்காத புத்தகத்துக்கு விற்பனை ஒன்று.

ஆகஸ்ட் 5

கதாநாயகன் கர்ணம், ஊர்க் கணக்கன். பேரேடு எழுதுகிறவன், அதற்குப் பதிலாக அவன் வீட்டுக்குக் கிஸ்தி கிடையாது, அவனுக்கும் மனைவிக்கும் மட்டும். மகளுக்கு இந்தத் தையில் 18 முடிகிறது.

இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்த முடிச்சு இன்று அவிழ்ந்தது. கதை தொடங்கும்போது கிஸ்தி ஊருக்கு மொத்தமாக இருக்கும்: வருஷத்துக்கு இத்தனை உழக்கு, உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். கர்ணம் மகள் வயதைக் குறைத்து எழுதினால் அவள் கொடுக்க வேண்டிய மூன்று உழக்கும் அக்கம்பக்கத்தார் தலையில் விழும். எதிர்வீட்டுப் பெண்ணின் முறை முன்னால் வரும். அவன் எழுதுகிறான்.

அப்புறம் சின்னத் துரை ஒருவர் சீர்திருத்தம் கொண்டுவருகிறார். இனி ஊர் மொத்தம் கிடையாது, ஆளாளுக்குத் தனி அளவை, தனிப் பட்டா, யாருடைய பாரமும் அடுத்தவர் மேல் விழாது. ஊரே அவரைக் கொண்டாடுகிறது, மாலை போடுகிறது. எதிர்வீட்டுக்காரி அழுதுகொண்டே கும்பிடுகிறாள். தையும் வந்துவிட்டது, அளவைக்காரர்கள் ஒவ்வொரு வீடாக நுழைந்து பல்லையும் எடையையும் பார்த்து வயதை எழுதப் போகிறார்கள்.

அளவை எந்த ஊரில் தொடங்குகிறது என்பது மட்டும் பாக்கி. ஓமலூர் என்று வைத்திருக்கிறேன். அங்கிருந்து கர்ணத்தின் ஊருக்கு வர அவர்களுக்கு நாற்பது நாளாவது ஆக வேண்டும், இல்லையென்றால் மகளை வெள்ளைக்கல் குழிக்குக் கொண்டுபோக அவனுக்கு அவகாசம் போதாது.