இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

பழைய வண்ணாரப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆதார் டவுன்லோடு, போட்டோ அளவைக் குறைப்பது மாதிரியான வேலைகளை வீட்டிலேயே முடித்துக்கொள்ள, குறிப்புகள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அதில் ஒன்று: 'இ-ஆதார் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம்.'

ஒருநாள் காசிமேட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, "நீ எழுதுன மாதிரியே நாலு தபா போட்டேன் தம்பி, தொறக்கவே மாட்டேங்குது" என்றார். ஆதாரில் அவர் பெயருக்கு முன்னால் இனிஷியல். 1990-இல் பிறந்த பி.குமார் என்றால் பி, புள்ளி, கே, யு, 1990 என்று போட வேண்டும். புள்ளியும் கணக்கில் சேரும். என் ஆதாரில் இனிஷியல் கடைசியில் இருக்கிறது; எனக்குத் திறந்ததை வைத்து ஊருக்கே எழுதிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் எல்லாக் குறிப்பையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். வேறொருவர் போனில், அவர் கையாலேயே செய்ய வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டமாக இருந்தது. விரல் தயங்கிய இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஒரு கல்லூரித் தம்பி, சுருக்கிய போட்டோவையே மறுபடி மறுபடி சுருக்கினான். ஜேபெக் படம் ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் இழக்கும். 50 கேபிக்கு வந்தபோது முகம் கட்டம் கட்டமாகிவிட்டது. 'அசல் படத்திலிருந்தே தொடங்குங்கள், முதலில் நீள அகலத்தைக் குறையுங்கள்' என்ற வரி அவனால் வந்தது.

குறிப்பில் சொல்வது இணையத்தில் கிடைக்கும் இலவசக் கருவி என்றால், அதன் பக்கம் திறந்ததும் நெட்டை அணைத்துப் பார்க்கிறேன். அப்போதும் வேலை முடிந்தால், கோப்பை வெளியே அனுப்பாமலே அது செய்கிறது என்று புரியும். நின்றுவிட்டால், ஆதார், பாஸ்புக் எதையும் இதில் ஏற்றாதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் போன பழைய குறிப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் இப்போது லிங்க் மட்டும்தான் அனுப்புகிறேன். ஒரு இடத்தில் திருத்தினால் போதும். மேலே, கடைசியாகச் செய்து பார்த்த தேதி இருக்கும்.

ஆறு குறிப்புகளை இன்னும் யாரையும் வைத்துச் செய்து பார்க்க முடியவில்லை. அந்த லிங்க்குகளை அதுவரை யாருக்கும் கொடுப்பதில்லை.