நக்கன் எடுத்தபாதம்

தஞ்சாவூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பெருவுடையாரைக் கும்பிடுவது, விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது, நந்தி முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவது, இவ்வளவுதான். போன பிரதோஷத்துக்குப் போனபோது கல்வெட்டு படிக்கத் தெரிந்த தோழி கூட வந்தாள். பரதம் கற்கும் என் மகளும் வந்தாள். அவளுக்கு ஆடல் அசைவுகளைக் காட்டும் கரணச் சிற்பங்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

பார்க்க முடியவில்லை. அவை கருவறையைச் சுற்றி மேல்தளத்தில் இருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களில் 81-ஐ அங்கே சிவனே நான்கு கைகளோடு ஆடிக் காட்டுகிறார். மீதி 27-க்கான கற்கள் செதுக்கப்படாமல் வெறுமனே நிற்கின்றன. ஏன் நின்றது வேலை? ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மகளுக்கு முகம் வாடிவிட்டது. "108-ம் சிதம்பரம் கோபுரத்துல இருக்கு, அடுத்த மாசம் போகலாம்" என்று சமாதானம் சொன்னேன்.

"மேல ஆடினவரைப் பார்க்க முடியலைன்னா என்ன, கீழ ஆடினவங்களைப் பார்க்கலாம் வா" என்று தோழி வடக்குப் பக்கம் அழைத்துப் போனாள். திருச்சுற்று மாளிகையின் வெளிச்சுவர். கூட்டமெல்லாம் நந்தியிடம் இருந்ததால் இங்கே நாங்களும் சில கிளிகளும்தான். கல் முழுக்க எழுத்து. சாய்வெயில் பட்டதில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, மை தடவியதுபோல் தெளிவாகத் தெரிந்தது.

ராஜராஜன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, இங்கே கொண்டுவந்து குடியமர்த்திய கணக்கு அது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று வரிசையாகப் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு என்றால் ஒரு வேலி நிலத்து விளைச்சல், ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்துவிட்டாலோ வேறு தேசம் போய்விட்டாலோ அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்யலாம். தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். நட்டுவம் செய்த நடன ஆசான்களுக்கும் பாடியவர்களுக்கும் தனித்தனியே பங்கு உண்டு.

பெயர்கள் எல்லாமே 'நக்கன்' என்று தொடங்குகின்றன. நக்கன் என்பது சிவன் பெயர். நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம்... இரண்டாவது பெயரைக் கேட்டதும் மகள், "காலைத் தூக்கினவங்களா?" என்றாள். எனக்கு அப்பர் தில்லையில் பாடிய 'எடுத்த பொற்பாதம்' காதில் விழுந்தது. தேவாரத்தைக் கேட்டு மகளுக்குப் பெயர் வைத்த வீடு ஒன்று இருந்திருக்கிறது!

பின்னாளில் மராட்டியர் அரண்மனையில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை பரதக் கச்சேரியை ஒழுங்குபடுத்தியதும், 1947-ல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைச் சட்டம் தடுத்ததும் பலருக்குத் தெரியும். நால்வரின் பெயரை மகளின் நடன வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். இந்த நானூறு பேரில் ஒருத்தி பெயரைக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

திரும்பி வந்தபோது நந்திக்குப் பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. முண்டியடித்து உள்ளே போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினோம்.

"யார் பேருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எடுத்தபாதம்."

குருக்கள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது."

"சரி, அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.