ஈர்க்குச்சியும் டபரா செட்டும்: வீட்டிலிருந்தே வரையப் பழக

ஆசிரியர் இல்லாமல் வரையப் பழகுகிறவர்கள் நோட்டு நோட்டாக நிரப்புவார்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் முதல் பக்கத்துக் கோணல் கடைசிப் பக்கத்திலும் அப்படியே இருக்கும். வரைந்ததை யாரும் அளந்து பார்க்காததே காரணம். தப்பைச் சுட்டிக்காட்ட ஆளில்லாத இடத்தில் அளக்க ஒரு தென்னை ஈர்க்குச்சியும், வரைந்ததை இடவலம் மாற்றிக் காட்ட ஒரு நிலைக்கண்ணாடியும் அந்த வேலையைச் செய்யும். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் அதில் பத்து நிமிடம் சரிபார்ப்புக்கே போகட்டும்.

பொருள் அதிகம் வேண்டாம். 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் ஒரு கட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, எச்பி, 2பி, 6பி பென்சில்கள். ஆரம்பத்திலேயே விலை கூடிய தாள் வாங்காதீர்கள். வீணாகிவிடுமே என்று கை தயங்கும்.

முதலில் கோடு. 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பேனாவைத் தாளில் படாமல் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கடைசிப் புள்ளியில் வைத்து ஒரே இழுப்பில் போடுங்கள். அசைவு தோளிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டை ஊன்றினால் கை அதைச் சுற்றித்தான் திரும்பும், அதனால் கோடு வளையும். புள்ளியைத் தாண்டி ஓடினால் பரவாயில்லை. பயந்து பயந்து மெதுவாக இழுத்து நடுங்குவதுதான் திருத்தக் கடினமான பழக்கம். ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் வளைகிறதென்றால் அது உங்கள் கையின் போக்கு. கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைக்க நினைத்துப் போட்டால் நேராக வரும். வளைவுக்குச் சிக்குக் கோலத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. புள்ளியைத் தொடாமல், இடைவெளி மாறாமல், கை எடுக்காமல் பேனாவால் தாளில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது நீள்வட்டம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. காபி டபரா செட்டை எதிரே வைத்து, சற்று மேலிருந்து பாருங்கள். டம்ளரின் வாய், அடி, டபராவின் விளிம்பு என்று பல நீள்வட்டங்கள் இருக்கின்றன. கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். ஆகவே டம்ளரின் அடி வாயைவிட உருண்டு தெரியும். ஆனால் டம்ளர் தட்டையான பலகைமேல் நிற்கிறது என்ற அறிவு குறுக்கே வந்து, அடியை நேர்கோடாகப் போட வைக்கிறது. இரண்டு முனைகளையும் கூராக்குவது இன்னொரு தப்பு. நீள்வட்டத்துக்கு எங்கும் முனை கிடையாது, ஓரத்திலும் அது திரும்பத்தான் செய்யும். மறைந்திருக்கும் பின்பாதியையும் சேர்த்து முழுசாக, இரண்டு சுற்று வரையுங்கள். பிறகு நடு அச்சில் தாளை மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்றால் எந்தப் பக்கம் சரிந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

டம்ளரைச் சாய்த்துப் போட்டால் கதை மாறும். நீள்வட்டத்தின் குற்றச்சு, அதாவது அதன் குறுகிய நடுக்கோடு, எப்போதும் டம்ளரின் மையக்கோட்டோடு சேர்ந்தே ஓடும், நீண்ட நடுக்கோடான நெட்டச்சு அதற்குச் செங்குத்து. இதைப் பெரிய அளவில் பார்க்க தாராசுரம் போகலாம். ஐராவதேஸ்வரர் கோயிலின் முன்மண்டபம் குதிரை இழுக்கும் தேராகவே செதுக்கப்பட்டது. கல் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி நின்று வரையும்போது முதலில் இருசு போகும் திசையைக் கோடாகப் போட்டு, அதையே குற்றச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரக்கால் எல்லாம் கடைசியில்.

கண்மட்டம் விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்குப் பெரிய கொடுப்பினை. மலைப்பக்கத்தில் அதை ஊகிக்க வேண்டும். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் அறுவடை முடிந்த வயலில் நின்றால் தொடுவானக் கோடாகக் கண்ணெதிரே கிடக்கிறது. தூரத்துத் தென்னந்தோப்பின் அடி கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் இருக்கும். நீங்கள் நிற்கும் அதே தரையில் நிற்கிற, உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டிலேயே விழும். நீங்கள் வரப்பில் ஏறி, அவர்கள் வயலில் நின்றால் தலைகள் கோட்டுக்குக் கீழே இறங்கும். வரப்பில் உட்கார்ந்தால் கோடும் உங்களோடு இறங்கும். ஒரே காட்சியை நின்றும் உட்கார்ந்தும் வரைந்து இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயல் பெரியது என்று மனசுக்குத் தெரிவதால் தாளில் முக்கால்வாசியை அதற்கே கொடுத்துவிடுவோம். அளந்தால் அது மெல்லிய பட்டையாகத்தான் தெரியும்.

வாய்க்காலோரம் சமதூரத்தில் நிற்கும் மின்கம்பங்களுக்கு எளிய வழி உண்டு. எல்லாக் கம்பங்களின் தலையையும் அடியையும் இணைக்கும் இரண்டு கோடுகளைத் தொடுவானத்தில் ஒரே புள்ளியில் சேருங்கள். முதல் இரண்டு கம்பங்களை நிறுத்துங்கள். முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவதன் நடு வழியாக ஒரு கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடம்தான் மூன்றாவது கம்பம்.

ஈர்க்குச்சிக்கு வருவோம். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, குச்சியைப் பார்வைக்குக் குறுக்கே பிடியுங்கள். கட்டைவிரல் நகத்தால் குடத்தின் அகலத்தைக் குறித்து, அது உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினாலோ குச்சி முன்னால் சாய்ந்தாலோ அளவு பொய்யாகும். அளப்பதற்குமுன் கண்ணால் ஊகித்து எழுதி வையுங்கள். ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் வாரா வாரம் சுருங்குகிறதா என்பதே முன்னேற்றத்துக்குச் சாட்சி. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். அத்தனை தேர்ந்த கைக்கே அளவு தேவைப்படுகிறது.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்த்து வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிற்பிகள் உருவத்தை அளக்கும் தாள அளவு முகத்தை, அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையுள்ள நீளத்தை, அடிப்படையாகக் கொண்டது. ஆள் வரையும்போது நாம் சொல்லும் ஏழு, ஏழரைத் தலை உயரம் என்பது உச்சந்தலையிலிருந்து மோவாய் வரையுள்ள நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. இரண்டையும் குழப்பினால் கால் நீண்டுவிடும்.

பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். அடியில் நின்று வரைந்தால் உச்சி சுருங்கிச் சரியும். உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, ராஜராஜன் திருவாயில் பக்கமாகப் போய், நந்தி மண்டபம் மறைக்காதபடி ஒதுங்கி உட்காருங்கள். முதல் அரை மணியில் ஒரு சிற்பம்கூட வேண்டாம், மொத்த வடிவத்தின் சாய்வு மட்டும்.

ஒளிநிழலுக்கு எவர்சில்வரும் பித்தளையும் உதவாது, சுற்றியிருப்பதெல்லாம் அதில் பிரதிபலிக்கும். மண்பானையை ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஐந்து சாயல்களில் முடியுங்கள். நிழல் பகுதிக்குள் தெரியும் எதிரொளியை வெளிச்சப் பகுதி அளவுக்கு வெளுப்பாக விட்டால் உருண்டை தட்டையாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் நமத்துப்போகும். பென்சில் அழுந்திப் பள்ளம் விழும், ரப்பர் போட்டால் நார் கிளம்பும். தாள்கட்டை பாலிதீன் உறையில் கட்டி, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். அந்த மாதங்களில் பேனாவும் டபரா செட்டும் போதும்.