விரோதிகிருது பஞ்சாங்கம் அவிழ்த்த முடிச்சு

ரொம்ப நாளாக இழுத்தடித்த பசந்தர் ஆற்றுச் சண்டைப் பேட்டியின் பதிவு ஒருவழியாகப் படிந்துவிட்டது. 1971 இந்தியா-பாகிஸ்தான் சண்டையில் சாப்பராக (ராணுவப் பொறியியல் பிரிவு வீரராக) இருந்த, பல்லடம் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் கதை. மேற்கே, பாகிஸ்தான் பக்கம் இருக்கும் சகர்கர் முனையில் மைன் (கண்ணிவெடி) எடுத்தவர். அவர் பெட்டியில் மேற்கு முனைக்குப் போனவர்களுக்குத் தந்த பஷ்சிமி ஸ்டார் மெடல் இருக்கிறது, விளிம்பில் நம்பரும் பேரும் பொறித்தது. கிழக்கே போனவருக்கு பூர்வி ஸ்டார் அல்லவா? ஆக முனையில் சந்தேகமில்லை. (டிஸ்சார்ஜ் புக்கைக் கரையான் தின்றிருக்கும். நான் எப்போதும் மெடலைத்தான் முதலில் கேட்பேன்.)

சிக்கல் நிலாவில் வந்தது. பசந்தர் ஆற்றங்கரையில் மைன் எடுத்த ராத்திரியை அவர் இப்படிச் சொன்னார்: “மொதல்ல கும்மிருட்டுங்க. சாமத்தை ஒட்டி நெலா கெளம்புச்சு. நாங்க கட்டுன வெள்ளை டேப்பு பளிச்சுனு தெரியுது. நமக்குத் தெரிஞ்சா அவனுக்கும் தெரியுமில்லீங்களா?”

(சுத்தம் செய்த பாதையைக் காட்டக் கட்டும் நாடாதான் அந்த டேப்பு.) அருமையான இடம். ஆனால் நம் படை பசந்தரைக் கடந்தது டிசம்பர் 15 ராத்திரி. 17ஆம் தேதி அமாவாசை. சாமத்தில் நிலாவுக்கு எங்கே போவது?

இந்த மாதிரி இடத்தில் சிலர் நிலாவை வெட்டிவிட்டுத் தேதியை வைத்துக்கொள்வார்கள். வேறு சிலர், வயசாகிவிட்டது என்று ஆளையே ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இரண்டுமே ஆகாது. தேதியை மறக்கிற மனுசன் அன்றைக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை மறப்பதில்லை. ஏனென்றால் உயிர் அதில்தான் இருந்தது.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்த விரோதிகிருது வருடப் (1971-72) பஞ்சாங்கத்தோடு மறுபடி போனேன். திதியை மொபைலிலேயே பார்க்கலாம்தான், ஆனால் அவர் மொபைலை நம்பமாட்டார். பஞ்சாங்கத்தைக் கையில் வாங்கினதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே பார்த்தார். டிசம்பர் 2 பௌர்ணமி. சகர்கர் முனையில் நம் படை முன்னேறத் தொடங்கியது 5ஆம் தேதி ராத்திரி. அதற்கடுத்த சில நாள்களில் நிலா இருட்டின பிறகுதான் கிளம்பும், நாளுக்கு நாள் இன்னும் தாமதமாக.

நான் தேதியைக் கேட்கவில்லை. “ஆத்துல தண்ணி இருந்துச்சுங்களா?” என்றேன்.

“ஆறா? அங்கெங்க கண்ணு ஆறு? ஆளுசரத்துக்குக் கோரைதான்.”

அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்தது. பசந்தருக்கு முன்பே வழியில் மைன் வயல்கள் உண்டு, நிலா அங்கே அடித்த நிலா. பசந்தர் ராத்திரியைத் தனியாகக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. “அன்னிக்குக் கண்ணே வேலைக்காகலீங்க. எல்லாம் கைதான்.” பிராடரை (மண்ணைக் குத்தி மைன் தேடும் கம்பியை) சாய்த்துக் குத்துவதைச் சோற்றுக் கரண்டியை வைத்துச் செய்து காட்டினார். பாதை முழுசாகச் சுத்தமாகும் முன்பே பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டேங்குகள் உள்ளே இறங்கியதைப் புத்தகங்கள் வீரம் என்று எழுதுகின்றன. இவருக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்த இரைச்சல். அந்தச் சண்டையில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற பூனா ஹார்ஸ் அதிகாரி அருண் கேத்ரபால் பேரைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டாராம். உள்ளேயிருந்து அவர் வீட்டு ஆத்தா குரல் கொடுத்தார்: “மார்கழி பொறந்தவொடனே ரேடியோவுல சண்டை நின்னுச்சுன்னாங்க. காயிதம் வர்ற வரைக்கும் நான் நம்புல.” சண்டை நின்றது 17ஆம் தேதி, சரியாகப் பொருந்துகிறது. ஆத்தாவைத் தனியாகப் பதிவு செய்யவேண்டும்.

பதிவு என்றதும் விசைத்தறி இரைச்சல் ஞாபகம் வருகிறது. பல்லடம், சோமனூர் பக்கம் மைக் வைத்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் தறியோடு சேர்த்துக் கிழவரின் அடிக்குரலையும் தின்றுவிடுகிறது. காலர் மைக்குக்குக் கொட்டிய காசும் வீண். கடைசியில் கைகொடுத்தது மாதாந்திர மின்தடைதான். பேப்பரில் எந்த ஊருக்கு என்று பார்த்து அன்றைக்குப் போனால் தறி, ஃபேன், டிவி மூன்றும் ஒன்றாக வாயை மூடியிருக்கும்.

எழுத்தில் இறக்கும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அதற்குள் மனசு 1987க்குத் தாவிவிட்டது. அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய்வந்தவர் ஒருவர் தாராபுரம் பக்கம் இருக்கிறார். எதிரே நின்ற சனம் தமிழில் பேசினபோது இவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவேண்டும். பேச ஒத்துக்கொண்டார், பதிவு மெஷின் மட்டும் வேண்டாமாம்.

1965 சண்டைக்குப் போன ஆள் ஒருவரும் காத்திருக்கிறார். விசுவாவசு வருடப் பஞ்சாங்கம், 2025இல் பிறந்தது இல்லை, 1965இல் பிறந்த போன சுற்றினுடையது, யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.